துயர் வினாதலுந் தொண்டே

மக்கட்பேறு உலகத்துப் பேறுகளுள் தலையாயதென்பது எல்லாரும் ஒப்பமுடிந்த உண்மை. குழவி பிறந்த மனையிற் சர்க்கரை வழங்குதலும், சுற்றத்தார் வந்து கூடுதலும், பாட்டியர் பிள்ளை பெற்றாளுக்கு மருந்திடித்துக் கொடுத்தலும் தமிழ்நாட்டில் வழிவழியாக வந்த வழக்கங்களாம். ஆனால் அப் பேறு உரிய காலத்துக்கு முன்னரே, எதிர்பாராத ஓரிரவில், அச்சத்தோடு கலந்து வருமாயின் அம் மனையின் நிலை யாது? மகிழ்வதா அழுவதா என்றறியாமற் பெற்றோர் திகைத்து நிற்கும் அந் நிலையைப் பற்றி ஆராய்ந்தார் சிலரே. குழவியின் உடலுக்கு வேண்டும் மருத்துவம் இந்நாளில் வியக்கத்தக்கவாறு வளர்ந்துள்ளது. அக் குழவியை ஈன்றார் உள்ளத்துக்கும், அதனை இரவும் பகலுங் காக்குஞ் செவிலியர் உள்ளத்துக்கும் வேண்டும் மருத்துவமோ இன்னும் பல இடங்களிற் கருதப்படாமலே கிடக்கின்றது. அதுவே ஈண்டு ஆராயப்படுவது.

கொங்குநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்றாகிய திருப்புக்கொளியூர் அவிநாசியின் வரலாற்றைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். சேரமான் பெருமாளைக் காணும்பொருட்டு மலைநாடு நோக்கிச் செல்லும் வழியிற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவ்வூரை அடைந்தார். வீதியொன்றில் எதிரெதிராக இரண்டு மனைகள். ஒன்றில் மங்கல ஒலி முழங்கிற்று. மற்றொன்றில் அழுகையொலி எழுந்தது. ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொருகால் நீராடப் போயினர் என்பதும், அவருள் ஒருவனை முதலை விழுங்கிவிட, பிழைத்த மற்றவனுக்கே இப்பொழுது பூணூற் கலியாணம் நடக்கின்றதென்பதும், மகனை இழந்தாருக்கு அம் மங்கல ஒலியே பழைய புண்ணைக் கிளறிற்றென்பதும் சுவாமிகள் வினவி அறிந்த செய்திகள். பின்னர் அவர் நீர்க்கரையை அடைந்து பதிகம் பாடியதும், முதலை தான் உண்ட பிள்ளையை வளர்ந்த பருவத்தோடு கரையிற் கொணர்ந்து விட்டதும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் இறுதிச் சருக்கத்தில் விரித்தருளியவை.

இவ் வரலாற்றைச் சொல்லுவோர் பிள்ளை மீண்ட அற்புதத்தையே பெரிதும் எடுத்துரைப்பர். அவ் வற்புதத்துக்கு முன் நிகழ்ந்த சிறு செயலொன்று பலர் கண்ணிற் படுவதில்லை. இரண்டு ஒலியும் ஒருங்கே கேட்ட வீதியில் சுவாமிகள் நின்றார். அழுகைக்குக் காரணம் யாதென்று வினவினார். இழந்த பெற்றோர் தம் துயரை மறைத்து மலர்ந்த முகத்தோடு வந்து வணங்கியபோதும், மகனை இழந்தவர் நீவிர்தாமோ என்று அவர்தந் துயரையே முதலிற் கேட்டார். ஊழென்று சொல்லி ஒதுக்கவில்லை. ஆண்டு பல கடந்த துயரன்றோ என்று போகவுமில்லை. வினாவே முதலருள், பதிகம் அதன் பின்னரே. இந் நுட்பம் இற்றை நாளைய மருத்துவச் சாலைகளுக்கு எத்துணை இன்றியமையாததென்பது பின்வரும் ஒரு குடும்பத்தின் செய்தியால் விளங்கும்.

கோயம்புத்தூரினின்றும் பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது கிணத்துக்கடவு. பொன்மலைமேல் வேலாயுதசுவாமி எழுந்தருளியிருக்கும் அவ்வூர்ச் சந்தைக்குச் சுற்றுப்புறத் தோட்டங்களினின்றுந் தக்காளி வந்து இறங்கும். அவ்வூரை அடுத்த தோட்டமொன்றில் வாழ்வது அவ் விளங்குடும்பம். கணவர் தக்காளி ஏற்றும் வண்டியோட்டுபவர். மனைவிக்கு அது தலைப்பிரசவம். வளைகாப்புக்கு நாட்குறித்துக் கண்ணாடி வளையல்களும் வாங்கி வைத்தாயிற்று. அந்நாளுக்கு நான்கு நாள் முன்னர் இரத்த அழுத்தம் மிகுந்து, தலைவலியாற் கண்ணிருண்டு, அப்பெண் அடுக்களையில் வீழ்ந்தாள். 108 ஊர்தி வந்து கோவையில் உள்ள மருத்துவச்சாலை ஒன்றிற் சேர்த்தது. தாயின் உயிரைக் காக்கும்பொருட்டு அன்றிரவே அறுவை செய்து குழவியை எடுத்தனர். நிறைகருவுக்கு 40 வாரம். அவ் வாண்குழவிக்கோ 29 வாரமே. எடை 1,150 கிராம்.

37 வாரம் நிரம்புமுன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பென்றும், 2,500 கிராமிற் குறைந்ததைக் குறையெடையென்றும், 1,500 கிராமிற் குறைந்ததை மிகக் குறைந்த எடையென்றும் மருத்துவ நூலார் வகுப்பர். 29 வாரத்துக் குழவிக்கு, நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமற் காக்கும் நீர்மம் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. ஆதலின் மூக்கின் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்துங் கருவி வேண்டும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் என்னும் மூன்றையும் இணைத்துச் செய்யும் ஆற்றல் ஏறக்குறைய 34-ஆம் வாரத்தையொட்டியே அமைவதாகலின், தாய்ப்பாலை மெல்லிய குழாய்வழிச் செலுத்துவர். தோலின்கீழ்க் கொழுப்பு இன்மையால் உடற்சூடு விரைவில் நீங்கும். அதற்கு வெப்பமூட்டுந் தொட்டில். மஞ்சட்காமாலைக்கு நீலவிளக்கு. மூச்சுவிட மறந்து சில நொடி நின்றுபோவதும் இக் குழவிகளுக்கு உண்டு; அப்பொழுது கருவி ஒலியெழுப்ப, செவிலி விரைந்து வந்து உள்ளங்காலைத் தட்டிவிடுவாள். அறிந்தார்க்கு இவை யாவுங் காவல். அறியாத தாயின் செவிக்கோ அவ் வொலி ஒவ்வொன்றுங் கூற்றுவன் அழைப்பு.

மூன்றாம் நாள் அத் தாயைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலுக்குக் கொணர்ந்தனர். உட்புகுவார் கைகளை முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவல் வேண்டும்; வளையல், மோதிரம், கைக்கடிகாரம் யாவற்றையுங் கழற்றல் வேண்டும். கிருமி புகாமற் காக்கும் அவ் விதி மிக நல்லதே. ஆயினும் வளைகாப்பு நடவாமலே பிள்ளை பெற்ற அப்பெண், கையிற் கிடந்த இரண்டு வளையலையுங் கழற்றச் சொன்னபோது நடுங்கிப் போனாள். வெறுங்கையோடு பிள்ளையைப் பார்த்தல் ஆகாத குறியோ என்பது அவள் அச்சம். வாயிலில் இருந்தவர்க்கு அதனைக் கேட்க நேரமில்லை. சீக்கிரம் கழற்றுமாறு மட்டுஞ் சொன்னார். அவள் கழற்றினாள், உட்சென்றாள். குழவியின் முகத்தைக் காணாமல் கருவியில் ஓடும் எண்களையே கண்டாள். இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டாள். அதன்பின் ஐந்து நாள் அவ் வாயிலைக் கடந்திலள். பாலைப் பீச்சிக் கிண்ணத்தில் அனுப்புவாள், தான் வாராள். பெற்ற பிள்ளையைப் பார்க்க வராத கல்நெஞ்சுக்காரி என்று தாழ்வாரத்திற் பேச்செழுந்தது.

அஃது உண்மையில் கல்நெஞ்சோ? இவ் வினாவுக்கு விடை நெடுநாட்களுக்கு முன்னரே தேடப்பட்டது. பாரிஸ் நகரத்தில் 1880-ஆம் ஆண்டையொட்டித் தார்னியே என்னும் மருத்துவர் குறைமாதக் குழவிகளை வெப்பப் பெட்டியில் வைத்துக் காக்கத் தொடங்கினார். அவர் வழிவந்த பியேர் புதான் என்பார் 1900-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், குழவியைப் பேணும் பணியினின்றும் தாயைப் பிரித்துவைத்தால் தாய்மாருட் சிலர் அக் குழவியின்மேற் பற்றிழந்து போகின்றனர் என்று கண்டெழுதினார். உயிரைக் காத்த பெட்டியே உறவைப் பிரிக்குஞ் சுவருமாயிற்று என்பதை அவர் அன்றே உணர்ந்தார். எனினும் அதன்பின் பல்லாண்டுகள், கிருமிக்கு அஞ்சிய மருத்துவச் சாலைகள் தாய்மாரைக் கண்ணாடிக்கு அப்பாலே நிறுத்திவைத்தன.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டவராகிய டேவிட் கேப்லன், எட்வர்ட் மேசன் என்னும் இருவர் குறைமாதக் குழவியை ஈன்ற தாய்மாரின் உள்ளநிலையை ஆராய்ந்து எழுதினர். அத் தாயின் மனம் நான்கு செயல்களைச் செய்து முடித்தல் வேண்டுமென்பது அவர் கண்ட முடிபு. குழவி ஒருகால் இறக்கவுங் கூடுமென்று மனத்தை ஆயத்தஞ் செய்து, அதனினின்றுஞ் சிறிது விலகி நிற்றல் ஒன்று. நிறைமாதப் பிள்ளையைப் பெற இயலாமற் போயிற்றே என்னுங் குறையை ஏற்றுக்கொள்ளுதல் இரண்டு. பிழைக்கும் என்னும் நம்பிக்கை தோன்றியபின், விலக்கி வைத்த பற்றை மீட்டுங் கொணர்தல் மூன்று. இக் குழவி ஏனைய குழவிகளினின்றும் எவ்வாறு வேறுபட்டது, அதற்கு வேண்டும் பேணுதல் யாது என்று அறிதல் நான்கு. இதனை அறிந்தார்க்குக் கிணத்துக்கடவுத் தாய் வாயிலில் நின்றுவிட்டது கல்நெஞ்சத்தால் அன்று, தாங்கொணா அன்பினாலேயாம் என்பது எளிதில் விளங்கும். கண்டாற் பற்று மிகும். பற்று மிக்கபின் இழந்தால் உயிர் நில்லாது. ஆதலின் காணாதிருந்தாள்.

இதனோடு பிறிதொரு முள்ளும் அவள் நெஞ்சில் தைத்திருந்தது. காணவந்த உறவினருள் ஒருவர், முன் செய்த வினை என்று பெருமூச்செறிந்தார். மற்றொருவர், ஏழாம் மாதத்தில் என்ன வேலை செய்தாயோ என்று கேட்டார். இவர்கள் கொடியவர் அல்லர். என்ன சொல்லுவதென்று அறியாமற் சொல்லியவர்களே. ஆயினும் அச் சொற்கள் இரண்டும் ஓரிரவுகூட அவளை உறங்கவிடவில்லை.

எட்டாம் நாள் இரவு, மூத்த செவிலி ஒருவர் தம் பணிக்கிடையே தாழ்வாரத்துக்கு வந்து, அவளருகில் தரையிலேயே அமர்ந்தார். குழவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “அம்மிணி, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டார். அதற்கு விடையில்லை. சிறிது நேரங் கழித்து, “எதை நினைத்து இவ்வளவு பயப்படுகிறாய், கண்ணு?” என்றார். அன்றுதான் அவள் வாய் திறந்தது. விழுவதற்கு முந்தின நாள் மாமனார் இல்லாத வேளையில் தக்காளிக் கூடையொன்றைத் தான் தூக்கி வைத்ததையும், அதனாலேயே பிள்ளைக்கு இக்கதி வந்ததென்று தான் எண்ணுவதையும், தான் தொட்டால் இன்னுங் கேடு வருமோ என்று அஞ்சுவதையும், வளையல் கழற்றிய கையோடு நின்றதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செவிலி இடைமறித்திலர், அழாதே என்றும் சொல்லவில்லை. எல்லாங் கேட்டபின், “நாளைக் காலையில் டாக்டரிடம் நீயே இதைக் கேள், நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்” என்று மட்டுஞ் சொன்னார்.

மறுநாள் மருத்துவர் நின்றபடியே பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கருக்காலத்து இரத்த அழுத்தம் கூடை தூக்கியதால் வருவதன்று, நஞ்சுக்கொடியோடு தொடர்புடைய நோய் அது, தாய்மேற் பிழையில்லை, பிள்ளையை அன்று எடுத்திராவிடில் இருவர் உயிரும் போயிருக்கும் என்று எளிய சொற்களால் விளக்கினார். பிள்ளை பிழைக்குமா என்ற கேள்விக்கு, கட்டாயம் பிழைக்கும் என்று பொய்யுறுதி கூறவில்லை. இன்று மூச்சு நேற்றையினும் நன்று, இன்னும் இருவாரம் விழிப்போடு இருக்கவேண்டும் என்றார். அம் மெய்யுரையே அவளுக்கு ஊன்றுகோலாயிற்று. செவிலி அவ் விரண்டு வளையலையுஞ் சிறு பையிலிட்டுக் குழவியின் பெயர்ச்சீட்டோடு வாயிற் பெட்டியில் வைத்து, “உன் வளையல் இங்கே உனக்காகக் காத்திருக்கும்” என்று கூறி அவளை உள்ளே அழைத்துச் சென்றார்.

இங்ஙனம் ஒருவர் அமர்ந்து கேட்பதனால் என்ன பயன் விளையும் என்று ஐயுறுவார் உளராகலாம். ஐயத்துக்கு இடமின்றி அளந்து கண்டவர் பலர். பெர்னடெட் மெல்னிக் முதலியோர் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் 260 குடும்பங்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒரு பகுதியார்க்கு, குழவி பிறந்த சின்னாட்களிலேயே அதன் இயல்பும் பெற்றோர் செய்யத்தக்கனவும் படிப்படியாகக் கற்பிக்கப்பட்டன. அங்ஙனங் கற்ற தாய்மாரின் மனவுளைச்சல் குறைந்தது. அவர்தங் குழவிகள் தீவிர சிகிச்சைப் பிரிவினின்றும் ஏறக்குறைய நான்கு நாள் முன்னரே வெளிவந்தன. ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ஷா முதலியோர் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், 105 தாய்மாருட் சிலரை உளமருத்துவப் பயிற்சியுடையார் ஆறுமுறை தனியே சந்தித்து, நடந்ததை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, தம்மேற் பழிசுமத்தும் எண்ணங்களைத் தாமே ஆராய்ந்து திருத்துமாறு துணைநின்றனர். அத் தாய்மாரின் அதிர்ச்சியும் மனச்சோர்வும் ஏனையோரினும் மிகுதியாகத் தணிந்தன. மூத்த செவிலி தம் அனுபவத்தாற் செய்ததனையே இவர்கள் முறைப்படுத்திச் செய்தனர் என்க.

கேட்டலுக்கு அடுத்தது தொடுதல். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்தில், வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கார் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் 1978-ஆம் ஆண்டையொட்டிக் குறைமாதக் குழவிகளைத் தாயின் மார்போடு தோல் தோய அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். தன் பையிற் குட்டியைச் சுமக்கும் விலங்கின் பெயரால் அதனைக் கங்காரு தாய்ப் பராமரிப்பு என வழங்குவர். வறுமையிற் பிறந்த அம் முறையே இன்று செல்வ நாடுகளும் கைக்கொள்ளும் முறையாயிற்று. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்னும் ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவுக்குட்பட்டும் பிறந்த 3,211 குழவிகளிடத்து உலகச் சுகாதார நிறுவனத்தார் நடத்திய ஆராய்ச்சி 2021-ஆம் ஆண்டு வெளிவந்தது. பிறந்தவுடனே தாயோடு அணைத்து வைத்த குழவிகளுள் முதல் 28 நாளில் இறந்தவை நூற்றுக்கு 12. உடல் தேறியபின் அணைத்தவற்றுள் இறந்தவை நூற்றுக்கு 15.7. இந்தியாவில் இவ் வாராய்ச்சி நிகழ்ந்த இடம் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. பெற்றோரை வாயிலில் நிறுத்தாமற் பேணுதலிற் பங்காளிகளாக்கும் முறையும் தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் முயன்று பார்க்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டு நடுவணரசின் வழிகாட்டு நெறியாக வெளிவந்தது.

கிணத்துக்கடவுத் தாய் தன் பிள்ளையை முதன்முதல் மார்பில் ஏந்தியது பதின்மூன்றாம் நாள். தொப்பியும் காலுறையும் அணிந்த அச் சிற்றுடல் ஓர் அணிற்பிள்ளைபோல ஒடுங்கிற்று. கருவியின் எண்கள் ஏறியிறங்கிப் பின் நிலைபெற்றன. அதுகாறும் பெயரிட அஞ்சியிருந்தவள் அன்று அதன் காதில் “வேலா” என்றாள்.

தந்தையின் நிலையோ வேறு. தாயை ஒருவர் கேட்டார்; தந்தையை ஒருவருங் கேட்டிலர். இரவு இரண்டு மணிக்குத் தக்காளி ஏற்றி, விடிந்தபின் பேருந்தேறிக் கோவைக்கு வந்து, கையொப்பமிடும் இடங்களில் எல்லாம் கையொப்பமிட்டு, தொலைபேசியிற் கேட்பார்க்கெல்லாம் “நன்றாக இருக்கிறதுங்க” என்று சொல்லிச் சொல்லி அவர் குரலே மாறிப் போயிற்று. ஆண்மகன் அழலாகாதென்னும் வழக்கு அவர் வாயைக் கட்டியது. ஒருநாள் மருத்துவர், “தம்பி, நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?” என்று கேட்ட மாத்திரத்தில் அவர் சுவரிற் சாய்ந்து விம்மினார். அன்று தொட்டு நாளும் ஒருமணி நேரம் தந்தையின் மார்பும் அப் பிள்ளைக்குத் தொட்டிலாயிற்று. தந்தையின் தோலுக்கும் அச் சூடு உண்டன்றோ?

இனி, அவிநாசியின் இரண்டு மனைகளை மீண்டும் நினைவிற் கொள்க. அடுத்த தொட்டிலில் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தினின்றும் வந்த தம்பதியரின் பெண்குழவி கிடந்தது. 25 வாரம், 700 கிராம். இரண்டு தாயரும் பாலைப் பீச்சும் அறையில் அருகருகே அமர்ந்து, ஒருத்தி பிள்ளையின் எடையை மற்றவள் கேட்டு, சகோதரிகள்போல் ஆயினர். இருபத்திரண்டாம் நாட் காலையில், வேலன் தீவிர சிகிச்சைப் பிரிவினின்றும் தாயோடு தங்கும் அறைக்கு மாற்றப்பட்டான். தந்தை மிட்டாய் வாங்கி வந்தார். அதே காலையில் வால்பாறைக் குழவியின் மூளையில் இரத்தங் கசிந்து, நண்பகலுக்குள் மூச்சு நின்றது. ஒரு சுவருக்கு இப்புறம் மங்கலம், அப்புறம் அழுகை. பிழைத்த பிள்ளையின் தாய் மிட்டாயைக் கையிற் பிடித்தபடி, தான் மகிழ்வதே குற்றமோ என்று கூனிக் குறுகினாள்.

அவ்விடத்தில் முதலையின் வாயினின்று மீட்ட அற்புதம் நிகழவில்லை. மருத்துவர் தம்மாலியன்ற யாவுஞ் செய்திருந்தனர். அங்ஙனமாயின் வினாவுக்கு என்ன பயன்? பயன் உண்டு. மூத்த செவிலி குழவியின் மேலிருந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெந்நீரால் துடைத்து, துணியிற் பொதிந்து, “உங்கள் மகளைக் கையில் வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று அப் பெற்றோரைக் கேட்டார். கருவிகளுக்கு இடையே அதுவரை ஒருமுறையும் முழுமையாக ஏந்தப்படாத குழவியை அவர்கள் முதன்முறையாகவும் கடைசி முறையாகவும் ஏந்தினர். பெயர் என்ன வைக்க நினைத்தீர்கள் என்று செவிலி கேட்டார். அப் பெயரைச் சொல்லியே பின்னர்ப் பேசினார். தந்தை விரும்பியதற்கு இணங்கச் சிறு பாதத்தின் சுவட்டை மையிலே தோய்த்துத் தாளிற் பதித்துக் கொடுத்தார். இன்னும் வயதிருக்கிறது, வேறு பிள்ளை பிறக்கும் என்னும் சொல்லை அவர் சொல்லவில்லை, பிறரையுஞ் சொல்லவிடவில்லை. இறந்தது ஒரு பிள்ளை. அதற்கு ஈடாக மற்றொரு பிள்ளையைச் சொல்லுதல் ஆறுதல் அன்று, அதன் இருப்பையே மறுத்தலாம். துயரை நீக்க இயலாத இடத்தும் துயருற்றாரைத் தனியே விடாதிருத்தல் இயலும்.

அன்று மாலை அச் செவிலி என்னானார்? மேற்பார்வையாளர் தேடியபோது, துணிகள் வைக்கும் சிற்றறையில் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். காலையில் ஒரு தாயோடு சிரித்து, நண்பகலில் ஒரு தாயோடு கலங்கி, பிற்பகலில் அதே தொட்டிலைத் துடைத்துப் புதிய குழவியை ஏற்றவர் அவர். இருபது ஆண்டுகளாக அவர் கேட்ட துயரங்களை எல்லாம் எங்கே இறக்கிவைப்பார்? பிறர் துன்பத்தை நாளும் ஏற்பவர்க்கு நாளடைவில் இரக்கமே வற்றிப்போதல் உண்டு. அதனை இரக்கச்சோர்வு என உளநூலார் கூறுவர். வாயிலில் சீக்கிரம் கழற்றச் சொன்னவரும் ஒருகால் அச் சோர்வின் வாய்ப்பட்டவரேயாகலாம். ஆதலின் அவரைப் பழித்தல் தகாது. அவரையும் ஒருவர் கேட்டல் வேண்டும். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரற் புற்றுநோயால் 1995-ஆம் ஆண்டு காலமாகுமுன், தமக்கு மருத்துவப் பணியாளர் காட்டிய பரிவின் அருமையை எழுதிவைத்தார். அவர் பெயரால் அமைந்த நிலையத்தார், மருத்துவரும் செவிலியரும் பிற பணியாளரும் ஒருங்கமர்ந்து நோயின் செய்தியை விடுத்துத் தம் உள்ளத்தின் செய்தியையே பேசிக்கொள்ளுங் கூட்டங்களை ஏற்படுத்தினர். அவ் வழக்கம் பிரிட்டன் முதலிய நாடுகளிலும் பரவியது. பெருஞ் செலவு வேண்டாத அவ் வழக்கம், திங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எம் மருத்துவச்சாலைக்கும் இயலுவதே.

தாய்மாரின் மனச்சோர்வை அறிதற்கு எடின்பரோவைச் சார்ந்த காக்ஸ் முதலியோர் 1987-ஆம் ஆண்டு 10 வினாக்கள் கொண்ட நிரலொன்றை அமைத்தனர். அதன் இறுதி வினா, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் எழுந்ததுண்டோ என்பது. அவ்வாறு கேட்டலாற் கேடு விளையும் என்று அஞ்சவேண்டா. கேளாமையாலேயே கேடு விளையும். இந்தியாவில், மனநோயுற்ற தாயையும் குழவியையும் பிரிக்காமல் ஒருங்கே பேணும் பிரிவு பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தில் 2009-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அத்துணைத் தொலைவு செல்லமாட்டாதார், 2022-ஆம் ஆண்டு நடுவணரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். வீடு திரும்பியபின் சில திங்களுக்குப் பிறகுங்கூட இச் சோர்வு தலைகாட்டுமாதலின், ஊர்ச் செவிலியர் குழவியின் எடையைக் குறிக்கும்போது தாயின் உறக்கத்தையுங் கேட்டுக் குறித்தல் நன்று.

வினை என்னும் கொள்கையைப் பற்றியும் ஒரு சொல். அக் கொள்கை தன்னைத் தான் ஆராய்ந்து திருந்துதற்கு ஏற்பட்டதேயன்றிப் பிறர் தொட்டிலருகே நின்று தீர்ப்புரைத்தற்கு ஏற்பட்டதன்று. வினையின் கணக்கை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அதனை அறிந்தார்போற் பேசுவார், அறியாத ஒன்றைக் கூறிய பிழையோடு புண்பட்ட நெஞ்சைப் பின்னும் புண்படுத்திய பிழையையும் உடன்சுமப்பர். சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு மேலாக வினைக்கொள்கையை அறிந்தார் யாவர்? அவரே அவிநாசி வீதியில் அதனை எடுத்துரைத்திலர், இரங்கிக் கேட்டார். அடியார் காட்டிய அவ் வழியே வழி.

ஐம்பத்தெட்டாம் நாள், 1,850 கிராம் எடையோடு, வேலன் வீடு சென்றான். வாயிலில் வைத்த பையினின்றும் தாய் தன் வளையல்களை எடுத்து அணிந்துகொண்டாள். நடவாமற் போன வளைகாப்பின் புதிய வளையல்களை அவள் மாமியார் பொன்மலை அடிவாரத்தில் வைத்தே கை நிறைய அடுக்கினார்.

ஆறு திங்களுக்குப் பின், கண்ணையுங் காதையுஞ் சோதித்தற்பொருட்டு அவள் பிள்ளையோடு மீண்டும் அம் மருத்துவச்சாலைக்கு வந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், கைகழுவுங் குழாயின்முன், வளையலைக் கழற்றுவதா வேண்டாமா என்று கலங்கியபடி இளந்தாய் ஒருத்தி நின்றாள். வேலனின் தாய் பிள்ளையைக் கணவர் கையிற் கொடுத்துவிட்டு அவளருகே சென்றாள். பார் என் பிள்ளையை, எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் சொல்லவில்லை. அது யாவர்க்கும் மெய்யாகாதென்பதை வால்பாறைத் தோழியால் அறிந்தவள் அவள். “அம்மிணி, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?” என்றே கேட்டாள்.

அழுகையொலி கேட்கும் மனை எவ்வூரிலும் உண்டு. அதன் வாயிலில் ஒருகணம் நின்று வினவுதல் பொருளில்லார்க்கும் கல்வியில்லார்க்கும் இயலுந் தொண்டு. மகேசனுக்கு அதனினும் உவப்பான பூசை அரிதென்க.

திருச்சிற்றம்பலம்.